பிஸ்டலின் சேஃப்டி லீவர் எதைப் பூட்டுகிறது, எதைப் பூட்டுவதில்லை?

புதுச்சேரி இலாசுப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற சொல்தா. தந்தை காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் 9 மி.மீ. பிஸ்டலைக் கையாண்டவர். ஆறு மாதங்களுக்கு முன்பு அவர் உரிமத்துடன் பழைய வால்தர் பிபி .32 பிஸ்டல் ஒன்றை வாங்கி, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒரு ரவையுடன், அதாவது தோட்டாவுடன், சேஃப்டி லீவரை மேலே தள்ளி, அலமாரியில் வைத்திருக்கிறார். "லீவர் மேலே இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்கிறார். லீவருக்கு அருகில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது. தாத்தாவோ, சேஃப்டியைப் போட்ட பிறகு விசையை (ட்ரிக்கரை) இழுத்து, பின்னாலுள்ள சுத்தியலான ஹேமரை விழச் செய்துவிட வேண்டும், அதுதான் முறை என்று சொல்லி வந்தவராம். இப்போதைய பிரெஞ்சு வீரர்களின் க்ளாக் பிஸ்டலில் லீவரே இல்லை என்று கேள்விப்பட்டதும் தம்பிக்குக் குழப்பம் கூடிவிட்டது. யார் சொல்வது சரி, லீவர் போட்டிருந்தால் போதுமா என்பது கேள்வி.

மற்றவற்றைப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வால்தர் பிபியில் லீவர் மேலே இருந்து சிவப்புப் புள்ளி தெரிந்தால், அந்தத் துப்பாக்கி பூட்டப்படவில்லை. சுடும் நிலையில் இருக்கிறது. அந்த வகையில் லீவரைக் கீழே இறக்கினால்தான் பூட்டு. உங்கள் தந்தை இதைப் படித்தவுடன், குழலைச் சுவரின் பக்கமோ மணல் மூட்டையின் பக்கமோ திருப்பி, விரலை விசைக்கு வெளியே வைத்துக்கொண்டு, முதலில் கைப்பிடிக்குள் ரவைகள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றி, அதன் பிறகு மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, சேம்பரில் இருக்கும் ரவையை வெளியே எடுத்துவிடட்டும். மீதிப் பதிலை நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் தந்தையை நான் குறை சொல்லவில்லை. கடலூரில் ஆயுதங்களைப் பராமரித்துப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயுதக் கிடங்கில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிஸ்டலை அறியாதவர் செய்யும் தவறு அல்ல இது. வேறொரு பிஸ்டலை நன்றாக அறிந்தவர் செய்யும் தவறு. காவல் துறையில் அவர் கையாண்ட 9 மி.மீ. பிஸ்டல், இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவாகும் 1ஏ வகையாகவே இருந்திருக்கும். அது பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1935இல் வெளியிட்ட பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டலின் வழி வந்தது. அந்தக் குடும்பத்தில் கட்டைவிரலால் லீவரை மேலே தள்ளினால் பூட்டு, கீழே அழுத்தினால் திறப்பு. முப்பது ஆண்டுகள் அப்படிப் பழகிய கட்டைவிரல், ஓய்வுக்குப் பிறகு வேறொரு துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் பழையபடியேதான் நகரும்.

சேஃப்டி என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் லீவர்கள் உள்ளே செய்கிற வேலை ஒன்றல்ல. ஆகவே "சேஃப்டி இருக்கிறதா" என்று கேட்பதைவிட, "சேஃப்டி எதைத் தடுக்கிறது" என்று கேட்பதே பயன் தரும். (நம் செய்தித்தாள்கள் இதைப் 'பாதுகாப்பு விசை' என்று எழுதுகின்றன. ட்ரிக்கரையும் நாம் விசை என்றே சொல்வதால், படிப்பவர் எதை இழுப்பது, எதைத் தள்ளுவது என்று புரியாமல் தவிக்கிறார். நான் இங்கு விசை என்று எழுதுவது ட்ரிக்கரை மட்டுமே.)

எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். வளைத்து இழுத்து வைத்த கம்பி இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி இருக்கிறது. தேங்காய்ச் சில்லைக் குத்தி வைக்கும் தகடு இருக்கிறது. தகட்டை எலி தொட்டால் கொக்கி நழுவும், கம்பி விழும். பிஸ்டலில் தகட்டின் இடத்தில் விசையும், கொக்கியின் இடத்தில் சியர் என்னும் சிறு எஃகுத் துண்டும், கம்பியின் இடத்தில் ஹேமரும் இருக்கின்றன. ஹேமர் விழுந்து ஃபயரிங் பின்னின் பின்முனையில் அடிக்க, அதன் முன்முனை தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரைக் குத்துகிறது. சில பிஸ்டல்களில் ஹேமரே கிடையாது. ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கப்பட்ட ஸ்டிரைக்கர் நேராகப் பாய்ந்து பிரைமரைக் குத்தும். இந்தப் பொறியை ஓர் இடத்தில் மட்டும்தான் தடுக்கலாம் என்றில்லை. தகட்டை அசையாமல் செய்யலாம், கொக்கியைக் கட்டிவைக்கலாம், அல்லது கம்பி விழும் வழியில் ஒரு கட்டையை வைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுமே "சேஃப்டி போட்டிருக்கிறது" என்றுதான் தெரியும். ஆனால் கொக்கி தேய்ந்து தானாக நழுவும் நாளில், தகட்டைப் பூட்டியவனுக்குப் பூட்டால் பயனில்லை. வழியில் கட்டை வைத்தவன் தப்பித்துக்கொள்வான்.

கொக்கியைப் பூட்டும் வகைக்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 கோல்ட் பிஸ்டல்; 1911 என்பதே அதன் பெயராயிற்று. அதற்கு முந்தைய ஆண்டின் மாதிரியில் கட்டைவிரல் சேஃப்டி இருக்கவில்லை. கைப்பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே விசையை நகரவிடும் பிடி சேஃப்டி மட்டும் இருந்தது. குதிரைப்படையினர் கேட்டுக்கொண்ட பிறகே கட்டைவிரல் லீவர் சேர்க்கப்பட்டது. ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்தபடி, சுடத் தயாராக இருக்கும் பிஸ்டலை மறு கையால் உறைக்குள் செருக வேண்டியவனின் நிலையை எண்ணிப் பார்த்தால் அந்த லீவர் ஏன் பிறந்தது என்பது விளங்கும். தரையில் நின்று சுடுகிறவருக்காக அல்ல, திமிறும் குதிரையின் மேல் இருப்பவருக்காகவே அது பிறந்தது. லீவரை மேலே தள்ளினால் அதன் உள்முனை சியரை நகரவிடாமல் தடுக்கிறது. வெளிமுனை ஸ்லைடின் பள்ளத்தில் ஏறி ஸ்லைடையும் நிறுத்திவிடுகிறது. ஹேமர் இழுபட்டிருந்தால்தான் லீவர் மேலே ஏறும். ஹேமர் கீழே இருந்தால் ஏற இடம் கிடையாது.

ஹை-பவரும் அதன் வழி வந்த நம் 9 மி.மீ. பிஸ்டலும் அடிப்படையில் இதையே செய்கின்றன. ஸ்லைடும் பூட்டிக்கொள்வதால் ஒரு விளைவு உண்டு. சேம்பரைப் பார்க்கவோ, ரவையை வெளியே எடுக்கவோ வேண்டுமானால் முதலில் சேஃப்டியைத் திறந்தாக வேண்டும். அதாவது துப்பாக்கியை மிக அதிகமாகத் தொட்டுத் திருப்பி இழுக்கிற அந்தச் சில நொடிகளில் லீவர் உங்களுக்கு உதவிக்கு இல்லை. கிடங்குகளில் நடக்கும் தற்செயல் வெடிப்புகள் பெரும்பாலும் "காலி கர்" என்ற ஆணைக்குப் பிறகு, அதாவது துப்பாக்கியைக் காலி செய்கிற வேளையில்தான் நடக்கின்றன என்பது என் அனுபவம். நான் பணியில் இருந்தபோது, இரவுக் காவல் முடிந்து வந்த ஒருவர், மேகசினைக் கழற்றும் முன்பே ஸ்லைடை இழுத்துவிட்டார். சேம்பரிலிருந்த ரவை தெறித்து விழுந்தது. ஸ்லைடு முன்னேறும்போது மேகசினிலிருந்து அடுத்த ரவை உள்ளே ஏறியது. விழுந்த ரவையைக் கண்ணால் பார்த்த திருப்தியில் மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு ஸ்லைடை மறுபடி இழுத்தது என் பழக்கம். அன்று தரையில் விழுந்த இரண்டாவது ரவையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஹை-பவரில் இன்னொன்றும் உண்டு, அது உங்கள் தந்தைக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. மேகசின் சேஃப்டி எனப்படும் இது லீவர் அல்ல, தானாக நடப்பது. நல்ல ஏற்பாடு போலத்தான் தோன்றும். ஆனால் இதிலிருந்து இரண்டு தீய பழக்கங்கள் பிறந்ததை நான் பார்த்திருக்கிறேன். மேகசினைக் கழற்றிவிட்டாலே துப்பாக்கி செத்துவிட்டது என்று எண்ணிச் சேம்பரைப் பார்க்காமல் விடுவது ஒன்று. காலி செய்த பிறகு ஹேமரை விழச் செய்ய வேண்டும் என்பதற்காகக் காலி மேகசினைத் திரும்பச் செருகும்போது, கவனக்குறைவாக நிரம்பிய மேகசினைச் செருகிவிடுவது மற்றொன்று. ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, தன்னைச் சுற்றியே ஒரு புதிய ஆபத்தை உருவாக்குவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கொக்கியைப் பூட்டும் லீவர் தடுக்காத ஒன்று, கீழே விழுதல். பழைய 1911 வகையில் ஃபயரிங் பின்னுக்கெனத் தனித் தடுப்பு கிடையாது. பின், தான் இருக்கும் துளையைவிடச் சற்றுக் குட்டையானது. ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. போதிய உயரத்திலிருந்து துப்பாக்கி குழல்முனை தரையில் படும்படி விழுந்தால், துப்பாக்கி நின்றுவிட, பின் மட்டும் தன் வேகத்தில் முன்னேறிப் பிரைமரைக் குத்தக்கூடும். அப்போது சியர் நகரவே இல்லை, விசை இழுபடவே இல்லை, லீவரும் மேலேதான் இருக்கிறது. ஆனாலும் குண்டு வெளியேறலாம். கோல்ட் நிறுவனம் 1983இல் 80ஆம் தொடர் என்ற பெயரில், விசையை முழுதாக இழுத்தால் மட்டுமே விலகும் ஒரு தடுப்பை ஃபயரிங் பின்னுக்கு வைத்தது. ஹை-பவரிலும் பிற்காலத்து மூன்றாம் வகையில் இத்தகைய தடுப்பு வந்தது. இன்றைய நல்ல பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கையால் போடும் லீவரைவிட இந்தத் தானியங்கித் தடுப்புக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், ஏனெனில் இதைப் போட மறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி உங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு வருகிறேன். வால்தர் நிறுவனம் 1929இல் வெளியிட்ட பிபி, வேறொரு சிந்தனையிலிருந்து பிறந்தது. அதன் லீவர் உடற்பகுதியில் இல்லை, ஸ்லைடில் இருக்கிறது. லீவர் என்பது உண்மையில் ஸ்லைடின் குறுக்கே ஓடும் ஓர் உருளையின் வால். அதைக் கீழே இறக்கும்போது உருளை சுழன்று ஃபயரிங் பின்னைப் பிடித்துக்கொள்கிறது. அதே அசைவில் இழுபட்டிருந்த ஹேமரும் விடுபட்டு, பின்னைத் தொடாமல் உருளையின் மேல் விழுகிறது. எலிப்பொறிக் கணக்கில் இது கம்பியின் வழியில் கட்டை வைக்கும் வகை. மீண்டும் மேலே ஏற்றினால் சிவப்புப் புள்ளி வெளிப்படும். அதன் பிறகு விசையை நீளமாகவும் பலமாகவும் இழுத்தால், விசையே ஹேமரைத் தூக்கிப் போட்டு முதல் குண்டைச் சுடும். ஆகவே உங்கள் தந்தை வைத்திருக்கும் நிலையில் அந்தத் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் இடையில் இருப்பது அந்த விசையின் கனம் மட்டுமே. பெரியவர்களுக்கு அது கனம்தான். இரண்டு கைகளாலும் பற்றி இழுக்கும் ஒரு குழந்தைக்கு அது முடியாத காரியம் அல்ல.

பிபியின் பின்புறம் ஹேமருக்கு மேலே, சேம்பரில் ரவை இருந்தால் சற்று வெளியே நீட்டிக்கொள்ளும் ஒரு சிறு ஊசியும் உண்டு. இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வதற்காக வைத்தது. உங்கள் துப்பாக்கியிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். போர்க்காலத் தயாரிப்புகள் சிலவற்றில் அதை விட்டுவிட்டார்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்லைடை இழுத்துக் கண்ணால் பார்த்ததே உண்மை. ஸ்லைடில் இருக்கும் சேஃப்டிக்கு ஒரு நன்மையும் உண்டு: லீவர் பூட்டிய நிலையிலேயே ஸ்லைடை இழுக்கலாம், ஆகவே காலி செய்யும் வேளையிலும் பூட்டு துணைக்கு நிற்கும். 1911 குடும்பத்தில் கிடைக்காத வசதி இது.

இத்தாலியின் பெரெட்டா 92 பிஸ்டலும் இந்த வழியில்தான் போயிற்று. 1975இல் வந்த முதல் வகையில் லீவர் உடற்பகுதியில் இருந்தது. பிறகு ஸ்லைடுக்கு ஏறியது. அமெரிக்க ராணுவம் 1985இல் 1911ஐ விட்டுவிட்டு எம்9 என்ற பெயரில் பெரெட்டாவை எடுத்துக்கொண்டபோது, மேலே என்றால் பூட்டு என்று எழுபது ஆண்டுகளுக்கும் மேல் பழகிய ஒரு ராணுவம், கீழே என்றால் பூட்டு என்று மாற்றிக் கற்க வேண்டியதாயிற்று. இத்துடன் குழப்பம் முடிந்ததா என்றால் இல்லை. சோவியத் ஒன்றியம் 1951இல் ஏற்றுக்கொண்ட மகரோவ், பார்ப்பதற்கு வால்தர் பிபியின் தம்பி போலவே இருக்கும்; லீவரும் ஸ்லைடில்தான், ஹேமரையும் விழச் செய்யும்தான். ஆனால் அதில் மேலே ஏற்றினால் பூட்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பயிற்சி பெறுபவரிடம் கேட்டால் பாதிப் பேர் தவறாகச் சொல்வார்கள்.

உங்கள் தாத்தா சொன்னதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அவர் காலத்து பிரெஞ்சு ராணுவத்தின் பிஸ்டல், ஷாதெல்லெரோ தொழிற்சாலையின் பெயரால் மாக் 50 என்று அழைக்கப்பட்ட, ஒன்பது ரவை மேகசின் கொண்ட 9 மி.மீ. பிஸ்டல். அதன் சேஃப்டியும் ஸ்லைடில் இருந்தது. ஆனால் வால்தரைப் போல் லீவரைப் போட்டவுடன் ஹேமர் தானாக விழாது. லீவரைப் போட்டால் ஹேமருக்கும் ஃபயரிங் பின்னுக்கும் இடையில் தடுப்பு வந்துவிடும்; அதன் பிறகு விசையை இழுத்தால் ஹேமர் விழும், தடுப்பின் மேல் அடிக்கும், குண்டு வெடிக்காது. இழுபட்ட ஹேமரைக் கீழே கொண்டுவர அந்தத் துப்பாக்கியில் அதுவே முறை. ஆகவே தாத்தா சொன்னது அவருடைய துப்பாக்கிக்கு முழுக்கச் சரி. ஆனால் அதே பழக்கத்தோடு ஒருவர் வால்தர் பிபியை எடுத்து, லீவரை 9 மி.மீ. பழக்கப்படி மேலே தள்ளிவிட்டு, "சேஃப்டி போட்டாயிற்று" என்று விசையை இழுத்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை அனுபவமும் சேர்ந்து ஒரு விபத்தை உண்டாக்கக்கூடிய அமைப்பு இது. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் என்னைப் பதற வைத்தது இதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதும் சுவையான கதை. 1980களின் பிற்பகுதியில் அவர்களுடைய ராணுவம் சார்ந்த காவல் படையான ழாந்தார்மெரி, பெரெட்டா 92இல் தனக்கென ஒரு வகையைக் கேட்டு வாங்கியது. அதில் லீவர் பார்ப்பதற்கு அப்படியே பெரெட்டா லீவர்தான். கீழே அழுத்தினால் ஹேமர் பத்திரமாக விழும். ஆனால் விரலை எடுத்தவுடன் லீவர் ஸ்பிரிங்கால் மேலே வந்துவிடும். பூட்டு என்ற நிலையே கிடையாது. ஹேமரை இறக்குவது மட்டுமே அதன் வேலை. வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பெரெட்டாக்களில் ஒன்று பூட்டும், மற்றொன்று பூட்டாது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் யூஎஸ்பி பிஸ்டலின் ஒரு வகையில் ஒரே லீவர் மூன்று வேலை செய்கிறது: மேலே பூட்டு, நடுவில் சுடும் நிலை, மேலும் கீழே அழுத்தினால் ஹேமர் இறங்கும்.

இப்போது லீவரே இல்லாத க்ளாக். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17இல் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு இருக்கிறது. விரல் அதை நேராக அழுத்தாவிட்டால் விசை பின்னுக்கு வராது. உள்ளே ஃபயரிங் பின்னுக்கு ஒரு தடுப்பும், கீழே விழுந்தால் கொக்கி நழுவாமல் இருக்க ஒரு தாங்கலும் உண்டு. மூன்றும் விசையை இழுத்தால் விலகும், விட்டால் திரும்பும். கீழே விழுவது, மோதுவது, அதிர்வது ஆகியவற்றுக்கு எதிராக இது பழைய 1911ஐவிட உறுதியானது. ஆனால் விசையை எது இழுத்தாலும், அது விரலா, சட்டையின் ஓரமா, உறையின் மடங்கிய வாயா என்று அது கேட்பதில்லை. பிரித்துத் துடைப்பதற்கு முன்னும் ஒருமுறை விசையை இழுத்தாக வேண்டிய அமைப்பு என்பதால், சேம்பரைப் பார்க்காமல் பிரிக்கத் தொடங்குபவருக்கு மன்னிப்பே கிடையாது. லீவர் இல்லாத பிஸ்டல் புதிது என்றும் எண்ண வேண்டாம். சோவியத்தின் டோக்கரேவ் டிடி-33இல் ஹேமரைப் பாதி வழியில் நிறுத்தும் ஒரு வெட்டு மட்டுமே இருந்தது.

லீவர் வேண்டுமா வேண்டாமா என்பதில் படைகளே ஒன்றுபடவில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் எம்17இல், உடற்பகுதியில் கையால் போடும் சேஃப்டி உண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து 2020 ஜனவரியில், பிரெஞ்சு ராணுவம் மாக் 50ஐ ஓய்வுபெறச் செய்துவிட்டு ஏறத்தாழ 75,000 க்ளாக் 17 பிஸ்டல்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றில் லீவர் இல்லை. பிஸ்டலை உறையிலேயே வைத்திருந்து, உருவினால் உடனே சுட வேண்டியவரும், அடிக்கடி பயிற்சி பெறுகிறவருமான ஒருவருக்கு லீவர் இல்லாதது ஒரு வசதி. பதற்றத்தில் அதைத் திறக்க மறந்து விசையை வீணாக இழுத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிற நம் ஊர் உரிமதாரருக்கு அந்த நியாயம் பொருந்தாது. அவருக்கு லீவர் இருப்பது நல்லது, ஆனால் அதற்கும் முன்னால் சேம்பர் காலியாக இருப்பது நல்லது என்பதே என் கருத்து.

புதுச்சேரிக்காரருக்கு ஒரு சிறு துணைச்செய்தி. உங்கள் .32 பிஸ்டலின் தோட்டா, பிரௌனிங் வடிவமைத்து பெல்ஜியத்தில் உருவான 1900ஆம் ஆண்டு வகைப் பிஸ்டலுக்காகப் பிறந்தது. அந்தப் பிஸ்டலின் சேஃப்டி லீவருக்கு அருகே 'ஃபெ', 'சுய்ர்' என்று பிரெஞ்சிலேயே பொறித்திருப்பார்கள்; முதலாவது சுடும் நிலை, இரண்டாவது பூட்டிய நிலை. ஜெர்மனியின் லூகரில் பூட்டிய நிலையில் 'கெசிஷெர்ட்', அதாவது பத்திரப்படுத்தப்பட்டது, என்ற சொல் வெளிப்படும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றவர். அவர் கையில் இருந்ததும் பெல்ஜியத்து பிரௌனிங் பிஸ்டலே. எழுத்தில் பொறிப்பது, வெறும் சிவப்புப் புள்ளி வைப்பதைவிட நேர்மையான முறை என்று எனக்குத் தோன்றும். சிவப்பு என்றால் 'நில்' என்று சாலையில் பழகிய கண், துப்பாக்கியில் சிவப்பைக் கண்டதும் 'நின்றிருக்கிறது, பூட்டியிருக்கிறது' என்று எளிதில் எடுத்துக்கொள்ளும்.

நம் கடற்கரைக்கு உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சேஃப்டி லீவர் தன் நிலையில் நிற்பது, ஒரு சிறு ஸ்பிரிங்கும் அதன் முனையிலுள்ள முளையும் பள்ளத்தில் உட்காருவதால்தான். போடும்போது கேட்கும் 'டக்' என்ற ஒலி அதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த பிறகு, கூரை பிய்ந்து அலமாரி முழுதும் நனைந்த ஒரு வீட்டிலிருந்து ஒரு பிஸ்டலைப் பார்க்கச் சொன்னார்கள். வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார் உரிமையாளர். லீவர் மேலும் கீழும் நன்றாகவே அசைந்தது, ஆனால் 'டக்' இல்லை. ஸ்பிரிங் துருவேறி உடைந்திருந்தது. உறையில் செருகும் உரசலிலேயே அந்த லீவர் பூட்டிய நிலையிலிருந்து சுடும் நிலைக்கு வந்துவிடும். புயல்தான் வர வேண்டும் என்றில்லை. உப்புக் காற்றும், தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருப்பதும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். துப்பாக்கியைத் தோல் உறையில் இட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

லீவர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறை எளியது, ஆனால் சேம்பரும் மேகசினும் காலி என்று இருமுறை கண்ணால் பார்த்து, ரவைகளை வேறு அறையில் வைத்த பிறகே செய்ய வேண்டும். 1911, ஹை-பவர் வகையில் ஹேமரை இழுத்து வைத்து, சேஃப்டியைப் போட்டு, விசையைச் சற்று அழுத்தமாகவே இழுக்க வேண்டும் (ஹை-பவரில் இதற்குக் காலி மேகசின் உள்ளே இருக்க வேண்டும்). ஹேமர் விழக் கூடாது; இது எல்லாருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது அடுத்த படி: விசையிலிருந்து விரலை முழுதாக எடுத்துவிட்டு, சேஃப்டியைத் திறக்க வேண்டும். அப்போதும் ஹேமர் விழக் கூடாது. திறந்த கணத்தில் ஹேமர் தானாக விழுந்தால், முன்பு விசையை இழுத்தபோதே சியர் பாதி நழுவிவிட்டது, லீவர் அதை ஏதோ தாங்கிப் பிடித்திருந்தது என்று பொருள். அத்தகைய துப்பாக்கியில் சுடுவதற்காக லீவரைத் திறப்பதே விசையை இழுப்பதற்குச் சமம். வால்தர் வகையில் லீவரைக் கீழே இறக்கும்போது ஹேமர் விழத்தான் செய்யும். அங்கு பார்க்க வேண்டியது, உருளை முழுதாகச் சுழல்கிறதா, பாதியில் நிற்கிறதா என்பது. பழைய வால்தர்களில் அந்த உருளை தேய்ந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம் என்பதால், ரவை உள்ளே இருக்கும்போது லீவரைக் கொண்டு ஹேமரை விழச் செய்யும் வழக்கத்தையே நான் ஊக்குவிப்பதில்லை. குறை தெரிந்தால் வீட்டில் அரம் போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். சியரின் விளிம்பில் எடுக்கும் ஒரு மயிரிழைகூடத் துப்பாக்கியின் குணத்தை மாற்றிவிடும்.

உங்கள் தந்தையின் துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகரிடமோ ஆர்மரரிடமோ ஒருமுறை காட்டுவது நல்லது. அதை அவரே எடுத்துச் செல்லட்டும். உடல்நிலை காரணமாக நீங்கள்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்றால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ எடுத்துச் செல்வதற்கு உரிமதாரரின் எழுத்துப்பூர்வமான அனுமதி உங்களிடம் இருக்க வேண்டும். வாய்மொழி அனுமதி போதாது. துப்பாக்கி காலியாக, ஸ்லைடு திறந்து பார்க்கப்பட்டதாக, ரவைகள் தனிப் பெட்டியில் இருக்கட்டும். திரும்பி வந்த பிறகு மேகசினையும் துப்பாக்கியையும் அலமாரியில் வெவ்வேறு அறைகளில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். "அவசரத்துக்கு உதவாதே" என்று அவர் சொல்லக்கூடும். மேகசினைச் செருகி ஸ்லைடை இழுப்பதற்கு, காவல் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவருக்கு இரண்டு நொடிகள்தான் ஆகும். அதைத்தான் அவர் இத்தனை காலமும் பணியில் செய்து வந்தார் என்று நினைவூட்டுங்கள்.